256ஐத் தாண்டினால்தான் தெரிந்த மெமரி லீக்

பைதானுக்காக சி மொழியில் நான் எழுதிய முதல் எக்ஸ்டென்ஷனில் (பைதானிலிருந்து அழைக்கும் சி மாட்யூல்) நடந்தது இது. பெரிய லாக் கோப்பைப் படித்து, எந்தப் பயனருக்கு எத்தனை பைட் போனது என்று ஒரு டிக்‌ஷனரியில் கூட்டிப் போடும் வேலை.

வேகம் நன்றாகவே கிடைத்தது. ஆனால் சர்வரில் ஏற்றியதும் மெமரி ஏறிக்கொண்டே போனது, இறங்கவே இல்லை. எடுத்த மெமரியைத் திருப்பித் தராத இதைத்தான் மெமரி லீக் என்பார்கள். என் மெஷினில் நூறு முறை லூப்பில் ஓட்டிப் பார்த்தேன், கொஞ்சமும் கூடவில்லை. இரண்டு நாள் அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

என் டெஸ்ட் கோப்பில் இருந்ததெல்லாம் சின்ன எண்கள். சிபைதான் (நாம் வழக்கமாக ஓட்டும் பைதான்) -5 முதல் 256 வரையுள்ள முழு எண்களை முன்கூட்டியே செய்து வைத்திருக்கும். எத்தனை முறை கேட்டாலும் அதே பொருளைத்தான் (ஆப்ஜெக்ட்) தரும். புதிதாக எதுவும் உருவாகாதபோது லீக் எங்கே தெரியும்? சர்வரில் வந்த எண்களோ லட்சங்களில். 64 பிட் மெஷினில் அப்படி ஓர் எண்ணுக்கு 28 பைட். பத்து லட்சம் வரி ஓடினால் 28 எம்பி போயே போச்சு.

தப்பு ஒரே வரிதான். ஒரு பொருளை எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்று பைதான் ஒரு கவுண்ட் வைத்திருக்கும், அது பூஜ்யமானால்தான் மெமரியை விடும். அந்த ஒவ்வொரு பிடியும் ஒரு ரெஃபரன்ஸ். சி எண்ணைப் பைதான் எண்ணாக்கும் பைலாங்_ஃப்ரம்லாங் தரும் ரெஃபரன்ஸ் நமக்குச் சொந்தம். டிக்ட்டில் போடும் பைடிக்ட்_செட்ஐட்டம் அந்தப் பொருளை வாங்கும்போது தனக்கென்று கவுண்ட்டில் ஒன்று கூட்டிக்கொள்ளும். நம்முடையது நம்மிடமே நிற்கும். பை_டெக்ரெஃப் (கவுண்ட்டில் ஒன்று குறைப்பது) போட்டு நாம்தான் அதை விட வேண்டும். முந்தைய வாரம் நான் பார்த்த, லிஸ்ட்டில் போடும் பைலிஸ்ட்_செட்ஐட்டமோ நம் ரெஃபரன்ஸையே எடுத்துக்கொள்ளும், அங்கே டெக்ரெஃப் போட்டால்தான் ஆபத்து. பெயர் ஒரே மாதிரி, நடத்தை நேர் எதிர். புதிதாக வருபவர்களை இப்படித் தடுக்கி விழ வைப்பது நியாயமே இல்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு பாயிண்டர் பக்கத்திலும் ‘சொந்தம்’ அல்லது ‘கடன்’ என்று கமெண்ட் எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.

---

(மேலே உள்ளதைப் படித்த இன்னொருவர் எழுதியது) எனக்கு நடந்தது இதற்குத் தலைகீழ். பைதான் 3.8 காலம். கவுண்ட்டைக் கூட்டாமல் பை_நன்னை (‘எதுவுமில்லை’ என்பதற்குப் பைதான் வைத்திருக்கும் ஒரே பொருள்) அப்படியே ரிட்டர்ன் செய்துவிட்டேன். ஒவ்வொரு அழைப்புக்கும் அதன் கவுண்ட் ஒன்று குறையும். தொடக்கத்திலேயே அது ஆயிரக்கணக்கில் இருப்பதால் உடனே எதுவும் ஆகாது. காலையில் தொடங்கிய புரோகிராம் மதியம் சம்பந்தமே இல்லாத ஓரிடத்தில் ‘டீஅலோகேட்டிங் நன்’ என்று சொல்லி விழும்.

3.12 முதல் நன் அழியாப் பொருளாகிவிட்டதால் (அதன் கவுண்ட் குறையாது) அதே கோட் விழாமல் ஓடுகிறது. அப்புறமும் அதைத் தேடித் தேடித் திருத்தினேன், ஏனென்றால் பக்கத்து ஃபங்ஷனில் இதே தப்பை ஒரு சாதாரண லிஸ்ட்டிடம் செய்து வைத்திருந்தேன், அதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.