வாசிக்கத் திணறும் பிள்ளைகள்: நீங்கள் நேரில் பார்த்தது

முக்கூடல்காரன்:
வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் அசர் (ASER) கணக்கெடுப்புக்குப் போயிருந்தேன். முறை தெரியும்தானே, வீட்டிலேயே வைத்து முதலில் பத்தி, வராவிட்டால் சொல், அப்புறம் எழுத்து. அம்மா பீடித்தட்டோடு திண்ணையில். பையன் மூணாப்பு. பத்தி ஓடவில்லை. ‘கோழி’ என்ற சொல்லைக் காட்டினேன். ‘கே... ர... ழி’ என்றான். துணைக்காலை ‘ர’ என்று எடுத்துக்கொண்டான். முற்றத்தில் கோழி மேய்கிறது, கேட்டால் பட்டென்று பேர் சொல்வான். ‘எழுத்து’ நிலை, அதாவது எழுத்து தெரியும், சொல் வராது என்று குறித்துவிட்டு வந்தேன். எங்கே இடறினான் என்று எழுத அந்தத் தாளில் இடமே இல்லை. அதுதான் மனதை விட்டுப் போகவில்லை.

அம்பை டீச்சர்:
என் வகுப்பில் இதற்கு நேர்மாறு. ஒரு பிள்ளை பாட்டு முழுவதையும் ‘வாசித்தாள்’. விரல் வேறு வரியில் இருந்தது. பக்கத்தைக் கையால் மறைத்தேன், பாட்டு நிற்கவில்லை. 2022இல் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று நிலையாகப் பிரிக்கிறோம். இவளைக் காதால் கேட்டால் மலர், எழுத்தைத் தொட்டுக் கேட்டால் அரும்பு. மனப்பாடம்தான் முதல் எதிரி.

நாங்குநேரி அம்மா:
அதை ஒத்துக்க மாட்டேன் டீச்சர். என் மகள் பாட்டை மனப்பாடம் பண்ணித்தான் எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள். விரலை மட்டும் திருத்துங்கள், பாட்டை நிறுத்தாதீர்கள்.

களக்காடு, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:
நானும் ‘கேரழி’ கேட்டவன்தான். முக்கூடல் தம்பி, அவனுக்கு எழுத்து தெரியாமல் இல்லை. கொம்பு முன்னால் நிற்கும், அதன் சத்தம் பின்னால் வரும். ‘கோ’வில் இரண்டு பக்கமும் குறி. வாசிப்பு பற்றி ஆராயும் சொனாலி நாக், கன்னடப் பிள்ளைகளைப் பார்த்து 2007இல் எழுதிய ஆய்வில், ஆங்கில எழுத்தை விட அட்சரங்கள் மெதுவாகத்தான் பிடிபடுகின்றன என்கிறார். நமக்கும் 247 எழுத்து, அவசரப்படக் கூடாது. ‘ர’வையும் துணைக்காலையும் அடுத்தடுத்து நடத்தாதீர்கள். கொம்பையும் காலையும் தனித்தனித் தாளாக வெட்டுங்கள். ‘கே’ வைத்து வாசிக்கட்டும், காலைச் சேர்த்ததும் ‘கோ’. அப்படியே தே-தோ, மே-மோ. கடைசியில் அவனே வைத்து அவனே வாசிக்கட்டும். வீட்டில் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், பக்கத்தில் இருந்து கேட்டால் போதும்.

அம்பை டீச்சர்:
சார், இங்கே ஆனி ஆடிக் காத்துக்குத் தாள் நிற்காது. கெட்டி அட்டையில் வெட்டுகிறேன். ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் வைத்திருப்பவர்கள் இதை எப்படி நடத்துகிறீர்கள்?