தக்காளி சூப்பில் க்ரீம் திரிந்துபோகிறது. சோளமாவு இல்லாமல் கெட்டியாக்க என்ன வழி?

வெண்பூ:
கார்ப் (மாவுச்சத்து) குறைத்துச் சாப்பிடுகிறேன். அதனால் சோளமாவு, மைதா, சர்க்கரை எதுவும் சேர்ப்பதில்லை. ஆனாலும் சூப் வழவழவென்று கெட்டியாக வேண்டும் என்று ஆசை.

செய்முறை இதுதான்: ஒரு கிலோ தக்காளி, ஒரு பெரிய வெங்காயம், நாலு பல் பூண்டு. எல்லாவற்றையும் வெண்ணெயில் வதக்கி, அரை லிட்டர் தண்ணீர் விட்டு வேகவைத்து அரைக்கிறேன். திரும்ப அடுப்பிலேற்றி, தளதளவென்று கொதிக்கும்போது 200 மி.லி. க்ரீம் ஊற்றுகிறேன். கொஞ்ச நேரத்தில் மேலே வெள்ளையாகத் துகள் மிதக்கிறது. கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் பின்பக்கம் ரவை ஒட்டியது போல் இருக்கிறது, சூப் தண்ணியாக வழிந்துவிடுகிறது. புளிப்பும் தூக்கல். க்ரீம் அன்றைக்குப் பிரித்த பாக்கெட்தான், கெட்டுப்போனது இல்லை. யாராவது சொல்லுங்களேன்.

நடுப்பகல்:
பாக்கெட்டில் கொழுப்பு எத்தனை சதவீதம்னு போட்டிருக்கு?

வெண்பூ:
25.

கருங்கல் அடுப்பு:
அப்போ பாதிக் காரணம் அதுதான்.

பாலில் கேசின் என்று ஒரு புரதம் இருக்கிறது. அமிலம் கூடி பிஎச் (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6 பக்கம் வந்தால் அது ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். தக்காளியோ பெரும்பாலும் 4.3-லிருந்து 4.9-க்குள் நிற்கிற ஆள். கொதி சேர்ந்தால் திரிவது இன்னும் வேகமாகும். க்ரீமில் கொழுப்பு கூடக் கூட இந்தப் புரதம் குறையும், அதனால் 35 சதவீதத்துக்கு மேல் உள்ள க்ரீம் தாக்குப்பிடிக்கும். 25 சில நாள் தப்பிக்கும், சில நாள் தப்பிக்காது. பால் ஊற்றினால் கேட்கவே வேண்டாம்.

இப்படிச் செய்து பாருங்கள். அரைத்த சூப்பைக் கொதிக்கவிட்டு, க்ரீம் சேர்க்கும் முன்பு கால் டீஸ்பூன் சமையல் சோடா போடுங்கள். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கும், அதனால் பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். ஒரு கிலோவுக்கு அதற்கு மேல் வேண்டாம், கூடினால் சோப்பு வாடை வந்துவிடும். சர்க்கரை நாக்கில் புளிப்பை மறைக்கத்தான் செய்யும். சோடா அமிலத்தையே குறைக்கிறது. உங்களுக்கு அதுதான் தோது. நுரை அடங்கியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். ஒரு கிண்ணத்தில் க்ரீமை எடுத்து, சூடான சூப்பை ஒவ்வொரு கரண்டியாக அதில் விட்டுக் கலக்குங்கள். க்ரீமே சூடானபிறகு மொத்தத்தையும் பாத்திரத்தில் ஊற்றலாம். அதற்குப் பிறகு கொதிக்கவே கூடாது.

ஏற்கெனவே திரிந்துபோனதைக் கொட்டாதீர்கள். சாப்பிடலாம், கெடுதல் இல்லை. மிக்ஸியில் நன்றாக ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சூடாக இருக்கும்போது ஜாரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும்.

சாம்பல் பூனை:
கெட்டிக்கு காலிஃபிளவர் போடுங்க சகோ. கார்பும் குறையும்.

கருங்கல் அடுப்பு:
கெட்டியாகும், சரி. கார்ப் எங்கே குறையும்? நார்ச்சத்தைக் கழித்தால் 100 கிராம் தக்காளியில் சுமார் 2.7 கிராம், காலிஃபிளவரில் 3 கிராம். ரெண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சோளமாவுக்குப் பதிலாக என்றால் பேச்சு வேறு. அதில் ஒரு டேபிள்ஸ்பூனிலேயே 7 கிராம் வரும். காலிஃபிளவர் அளவு மீறினால் வாடை தக்காளியை அமுக்கிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

தூறல்:
வெண்பூ, தண்ணீரை ஏன் யாருமே கவனிக்கவில்லை? தக்காளியே பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அதன்மேல் அரை லிட்டர் ஊற்றிவிட்டுக் கெட்டியாகவில்லை என்றால் எப்படி? நான் தக்காளியைப் பாதியாக நறுக்கி, வெங்காயம், பூண்டு, எண்ணெயோடு தட்டில் பரப்பி, ஓவனில் 200 டிகிரியில் முக்கால் மணி நேரம் சுடுவேன். ஓரம் லேசாகக் கருக வேண்டும். தண்ணீர் வற்றி இனிப்பும் தலைகாட்டும். ஓவன் இல்லாவிட்டால் அகலமான வாணலியில் மூடாமல் சுண்டவிடலாம். அரைத்து, தோலும் விதையும் நிற்கிற மாதிரி வடிகட்டுங்கள். அந்த வழவழப்பு பாதிக்கு மேல் வடிகட்டியில்தான் இருக்கிறது, க்ரீமில் இல்லை. உப்பைக் கடைசியில் போடுங்கள், சுண்டினால் கரித்துப்போகும்.

ஒரு விஷயம்: சுண்டும்போது தண்ணீர்தான் போகும், கார்ப் அப்படியே இருக்கும். ஒரு கிலோ தக்காளியில் 27, வெங்காயத்தில் ஏழெட்டு, பூண்டில் மூணு, க்ரீமில் ஆறேழு. மொத்தம் 44 பக்கம். நாலு பேருக்கு என்றால் தலைக்கு 11 கிராம். கெட்டியாகச் சுண்டி இரண்டு பேரே குடித்தால் 22. கணக்கு வைப்பவர் என்பதால் சொல்கிறேன். வெங்காயத்தைப் பாதியாக்கினால் கொஞ்சம் குறையும். முந்திரி அரைத்து ஊற்றச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள், 50 கிராமில் 13 கிராம் ஏறிவிடும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், கார்பைச் சட்டென்று குறைக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நடுப்பகல்:
அப்படியும் தண்ணியா இருந்தா சாந்தன் கம்னு கெட்டியாக்குற பொடி இருக்கு. மொத்த சூப்புக்கும் கால் டீஸ்பூன் போதும். நேரா தூவினா மீன்முட்டையா உருண்டு நிக்கும். ஒரு ஸ்பூன் எண்ணெயில் குழைச்சு, மிக்ஸி ஓடும்போது விடுங்க. கூடினா சளி மாதிரி இழுக்கும், ஜாக்கிரதை.

வெண்பூ:
மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. இன்று தண்ணீரே ஊற்றாமல் வாணலியில் சுண்டவைத்து, வடிகட்டி, சோடா போட்டு, அடுப்பை அணைத்தபிறகு க்ரீமைச் சேர்த்தேன். அதே 25 சதவீத பாக்கெட்தான், திரியவில்லை! கரண்டியின் பின்பக்கம் விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே நிற்கிறது. சாந்தன் கம் தேவைப்படவில்லை. நிறம்தான் சிவப்பு போய் ஆரஞ்சாகிவிட்டது, அது பரவாயில்லையா? மிச்சத்தை ஃப்ரீசரில் வைக்கலாமா?

தூறல்:
க்ரீம் கலந்தால் நிறம் அப்படித்தான் வெளுக்கும், ஒன்றும் ஆகாது. ஃப்ரீசரில் க்ரீம் கலந்ததை வைத்தால் உருகும்போது பிரிந்து நிற்கும். இன்றைய மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள், சிம்மில், கொதி வராமல் சுடவைத்துக் குடித்துவிடுங்கள். அடுத்த முறை வடிகட்டியதோடு நிறுத்தி, வெறும் தக்காளி விழுதாக ஃப்ரீசரில் போட்டுவையுங்கள். வேண்டும்போது எடுத்துச் சூடாக்கி, சோடா, க்ரீம் எல்லாம் அப்போது.