கஷ்ட காலத்திலும் மனசு நிறைந்த நேரம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரையிலிருந்து

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ், அதாவது மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது, நடக்கிறது. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இந்த நோயை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊசி வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தாகத்தைப் பொறுப்பதுதான் பெரிய பாடு. சிறுநீர் பிரியாதவர்களுக்குக் குடித்த தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். கால் வீங்கும், மூச்சு முட்டும். அதனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்துதான் குடிக்க வேண்டும். காபி, ரசம், மோர் எல்லாமே அந்தக் கணக்கில் வரும். இளநீரும் வாழைப்பழமும் கூடாது. இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறிவிடும். காய்கறியைக்கூட நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்பேன்.

செலவைக் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொள்கிறது. மனசை என்ன செய்வது? அவர் தையல் கடை வைத்திருந்தவர். துணியை வெட்டிக்கொண்டே வருகிறவர்களிடம் ஊர்க்கதை எல்லாம் பேசுவார். அந்த மனிதர் பேச்சையே நிறுத்திவிட்டார். ஆட்டோவில் போகும்போதும் வரும்போதும் கண்ணை மூடிக்கொள்வார்.

டயாலிசிஸ் வார்டில் பக்கத்துக் கட்டில் ஒரு பாட்டிக்கு. மேலூர்ப் பக்கத்துக் கிராமம், முதல் பஸ்ஸைப் பிடித்து வருவார். ஊசி குத்தி மிஷின் ஓடத் தொடங்கியதும் எல்லாரையும் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார்: “வர்ற வழியில என்ன பாத்தீங்க?” யாரும் வாய் திறக்காவிட்டால் தான் பார்த்ததைச் சொல்வார். கண்மாயில் நாரை இறங்கியிருந்ததைச் சொல்வார். யானைமலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்ததைச் சொல்வார். மொட்டையாக நின்ற புங்கமரம் துளிர்விட்டதைச் சொல்வார். அவர் சொன்னதெல்லாம் இப்படித்தான் இருக்கும். பெரிய விஷயம் எதுவும் இருக்காது. தன் நோயைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

என் கணவர் ரொம்ப நாள் பதில் சொல்லவில்லை. பாட்டி விடவும் இல்லை, வற்புறுத்தவும் இல்லை. அப்புறம் ஒரு நாள் இவராகவே சொன்னார்: “சிம்மக்கல் சிக்னல்ல ஒரு மாடு வண்டிகளோட வண்டியா நின்னு, பச்சை விழுந்ததும் நடந்து போச்சு பாட்டி.” வார்டு முழுக்கச் சிரித்தது. டெக்னீஷியன் தம்பிகூட மிஷினை விட்டுத் திரும்பிப் பார்த்தார். என் கணவரும் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு ஆட்டோவில் கண்ணை மூடுவது நின்றது. பாட்டிக்குச் சொல்ல ஏதாவது வேண்டுமே! வைகைப் பாலத்தில் போகும்போது ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து ஆற்றைப் பார்ப்பார். சொல்வதற்கு ஒரு ஆள் இருந்ததால்தான் பார்க்கும் ஆசை வந்தது என்று நான் நினைக்கிறேன். ‘மனசுக்குள்ளே சந்தோஷத்தைத் தேடு’ என்று யார் யாரோ அவரிடம் சொல்லிப் பார்த்தார்கள். அதில் எதுவும் நடக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் மனசுக்குள் தேடினால் பயம்தான் கிடைத்திருக்கும்.

சித்திரைத் திருவிழாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அழகர் ஆற்றில் இறங்குவதற்காக அணையில் தண்ணீர் திறந்துவிடுவார்கள். ஊரெல்லாம் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். தண்ணீரை அளந்து குடிக்கிறவருக்கு அந்த வாரம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான் அவரை வெளியே கூட்டிப்போகவே பயந்தேன். அவரோ எங்கள் தெருப் பந்தலில் போய் நின்றுகொண்டார். இடது கையில்தான் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம், இருக்கிறது, அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது. அதனால் வலது கையில் சொம்பை வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றினார். வெயிலில் நடந்து வந்தவர்கள் மடமடவென்று குடித்துவிட்டு “இன்னும் கொஞ்சம் ஊத்துங்கண்ணே” என்று டம்ளரை நீட்ட, இவர் முகத்தில் வந்த நிறைவை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. “உங்களுக்குத் தாகம் எடுக்கலையா?” என்று கேட்டேன். “எடுத்துச்சு. ஆனா அவங்க குடிக்கிறப்ப எனக்கே தொண்டை நனைஞ்ச மாதிரி இருந்துச்சு” என்றார்.

பாட்டியின் ஊருக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே டயாலிசிஸ் வசதி வந்துவிட்டது. இப்போது அங்கே போகிறார். அந்தக் கேள்வியை இங்கே இப்போது என் கணவர்தான் கேட்கிறார்.

*

பேராவூரணிப் பக்கத்திலிருந்து

அக்கா எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நாங்கள் தென்னை விவசாயிகள். 2018 நவம்பர் 16 கஜா புயல் எங்கள் பகுதியை எப்படிப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது என்பது எல்லாருக்கும் தெரியும். ராத்திரி முழுக்க மரம் முறியும் சத்தம். விடிந்து பார்த்தால் தோப்புக்கு நடுவில் நின்று அடுத்த ஊர்க் கோயில் கோபுரம் தெரிகிறது. அதற்கு முன்னால் எங்கள் தோப்பிலிருந்து வானமே சரியாகத் தெரியாது. தாத்தா வைத்த மரங்கள் அவை. நாட்டுத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். அப்பா விழுந்த மரத்தின் வேரில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்கவே இல்லை.

மின்கம்பம் எல்லாம் சாய்ந்துவிட்டதால் பல வாரம் கரண்ட் இல்லை. வேறு மாவட்டங்களிலிருந்து மின்வாரியத் தொழிலாளர்கள் வந்தார்கள், கேரளாவிலிருந்தும் வந்தார்கள். வயல் சேற்றில் வண்டி இறங்காது. கம்பத்தை ஆட்களே தோளில் சுமந்து போய் நட்டார்கள். எங்கள் தெருவுக்கு வந்த குழுவுக்கு எங்கள் வீட்டு வாசலில்தான் சமையல். அரிசி ஒரு வீடு, பருப்பு ஒரு வீடு, விழுந்து கிடந்த மரத்துத் தேங்காய் எங்களுடையது. அம்மா அத்தனை பேருக்கும் அடுப்பு மூட்டினார். அப்பா அப்போதுதான் எழுந்து வந்து இலை போட்டார். அந்தக் குழுவில் ஒரு அண்ணன், சேலம் பக்கம், ஊரில் மனைவிக்குக் குழந்தை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. குழந்தை முகத்தை போனில் மட்டும் பார்த்திருக்கிறார். “உங்க ஊருக்கு வெளிச்சம் கொடுத்துட்டு போய்ப் பாத்துக்கறேன்” என்றார். அப்பா ஒன்றும் பேசாமல் அவர் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

கரண்ட் வந்த அன்று பிள்ளைகள் போட்ட கூச்சல் இருக்கிறதே! சொத்து போன வீடுகள்தான் அத்தனையும், ஆனாலும் தெருவே சிரித்தது. அந்த நேரத்தில் எங்களை நாங்களே ஏமாற்றிக்கொள்ளவில்லை, மறந்துவிடவும் இல்லை. இழப்பும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எல்லாம் நல்லதுக்கே என்று எங்களிடம் அப்போது சிலர் சொன்னார்கள். தயவுசெய்து நொடிந்துபோன யாரிடமும் அப்படிச் சொல்லாதீர்கள். கஜா நல்லதுக்கு வரவில்லை. புதிதாக நட்ட தென்னம்பிள்ளைகளுக்கு நடுவில் நிழல் போய் வெயில் விழுந்ததால் கடலை போட்டோம், உளுந்து போட்டோம், அதில் கொஞ்சம் காசு பார்த்தோம். அது எங்கள் உழைப்பு, புயல் கொடுத்ததல்ல. முதல் தென்னம்பிள்ளையில் பாளை வெடித்தபோது அப்பா ஊரையே கூப்பிட்டுக் காட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

*

யாழ்ப்பாணத்திலிருந்து

2022 பொருளாதார நெருக்கடியில் எங்களுக்குப் பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மண்ணெண்ணெய் கிடைக்காமல் தோட்டக்காரரால் இறைப்பு இயந்திரத்தை இயக்க முடியவில்லை, கடற்றொழிலாளரால் படகை எடுக்க முடியவில்லை. பெற்றோல் வரிசையில் இரவு முழுக்க நின்றவர்களில் நானும் ஒருவன்.

பிறகு வரிசையை விட்டுவிட்டு, கொட்டிலில் கிடந்த அப்பாவின் பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். கோப்பாயிலிருந்து யாழ் நகருக்கு வேலைக்குச் சைக்கிள். வீதி முழுக்க என்னைப் போல ஆட்கள். மோட்டார் சைக்கிளில் போன காலத்தில் ஒரு தலையசைப்போடு கடந்து போனவர்களோடு பக்கத்தில் பக்கத்தில் மிதித்துக் கதைத்துக்கொண்டு போனோம். எங்கள் ஊர் வாசிகசாலைக்கு முன்னால் இருக்கும் ஐயா ஒருவர் தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட கதையைத் தவணை முறையில் சொல்லி முடித்தார். நல்லூர் வந்ததும் நிற்பாட்டுவார், மிச்சம் அடுத்த நாள். அந்த மிச்சக் கதைக்காகவே நேரத்துக்கு எழும்பினேன்.

வீட்டில் அம்மா அந்தக் காலத்து ஜாம் போத்தல் விளக்கைப் பேரப்பிள்ளைகளுக்குச் செய்து காட்டினார். இடம்பெயர்ந்த நாட்களைப் பற்றி வாயே திறக்காத அம்மா, மின்சாரம் இல்லாத அந்த இரவுகளில்தான் முற்றத்தில் பாயைப் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது அழுதார், பகிடியும் விட்டார். அந்தக் கஷ்டத்தைத் தந்தவர்களை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அம்மாவின் கதைகள் எனக்குக் கிடைத்தன.

*

திருப்பூரிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு இப்படி ஒன்றும் நடக்கவில்லை. அப்பா போன பிறகு எதைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றுவதில்லை. கம்பெனிக்குப் போகிறேன், வருகிறேன், தூக்கம் இல்லை, பசி இல்லை. வழியில் என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். என்னிடம்தான் ஏதோ குறை என்று தோன்றுகிறது.

*

மதுரையிலிருந்து, மறுபடியும்

தம்பி, உங்களிடம் குறை எதுவும் இல்லை. நான் எழுதாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். பாட்டிக்கு என் கணவர் பதில் சொல்வதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. அவர் தூங்காததையும் சாப்பிடாததையும் பார்த்து, டயாலிசிஸ் டாக்டர்தான் மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னார். நீண்ட கால நோயாளிகளுக்கு மனச்சோர்வு வருவது சகஜம், அதற்கு வைத்தியம் இருக்கிறது என்று எங்களுக்கு விளக்கினார்கள். மாத்திரை கொடுத்தார்கள், உட்கார வைத்துப் பேசினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் வந்தது. பாட்டியின் கேள்வி காதில் விழுந்ததே அதற்குப் பிறகுதான். இந்த வரிசை முக்கியம். முதலில் உடம்பு தேற வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம்.

அப்பாவை இழந்தவருக்குத் துக்கம் இருக்கத்தான் செய்யும், அதை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. ஆனால் தூக்கமும் பசியும் போய் நாளாகிறது என்றால் ஒரு டாக்டரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று பெயர், அரசாங்கம் நடத்தும் மனநல உதவி எண், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். உயிர் மேலேயே வெறுப்பு வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள். கூட ஒருவரை வைத்துக்கொண்டு உடனே கூப்பிடுங்கள்.

திருப்பூரில் உங்களோடு தங்கியிருக்கிற நண்பர் யாராவது உண்டா? இன்று சாயந்தரம் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், ரெண்டு இட்லியாக இருந்தாலும் சரி. போன் செய்த பிறகு இங்கே ஒரு வரி எழுதுங்கள். சந்தோஷமாக எழுத வேண்டும் என்று இல்லை, கூப்பிட்டேன் என்று போட்டால் போதும்.