ஆபுத்திரனும் என்ர வெள்ளவத்தை ரூமும்

ஒதுக்கப்பட்ட ஆக்கள் எண்டா எல்லாரும் கர்ணன், ஏகலைவன் எண்டு தொடங்கிடுவினம். எனக்கு முதல்ல வாறது வெள்ளவத்தையில ரூம் தேடின கதைதான்.

வேலை கிடைச்சு கொழும்புக்கு வந்த புதுசு, கடல் பக்கம் ஒரு லேன்ல ஒரு அன்ரி ரூம் குடுக்கிறா எண்டு ஃபிரெண்ட் நம்பர் தந்தான். போனில அரை மணித்தியாலம் கதைச்சா, குரலிலயே நல்ல பிள்ளை எண்டு தெரியுதாம், இண்டைக்கே வாங்கோவாம். போனன், பிளேன்ரீயும் வந்தது. "தம்பி யாழ்ப்பாணத்தில எவடம்?" சொன்னன். "அங்க எந்தப் பக்கம்?" சொன்னன். "எந்தக் கோயிலடி?" அதையும் சொன்னன். பிளேன்ரீ ஆற முதலே அந்த ரூமுக்கு ஆரோ அட்வான்ஸ் குடுத்திட்டினம்.

பிறகு 1818ல வந்த ஃபிராங்கன்ஸ்டைன் நாவல் வாசிக்கேக்க (அது உண்டாக்கினவன்ர பேர், அவன் உயிர் குடுத்த கோர உருவத்துக்குப் பேரே இல்ல, வைக்க ஒருத்தருக்கும் மனம் வரேல்ல) ஒரு இடத்தில புத்தகத்தை மூடி வச்சிட்டன். அந்த உருவம் ஒரு குடும்பத்தின்ர வீட்டோட ஒட்டின கொட்டிலுக்க மாசக்கணக்கா ஒளிச்சிருந்து, ஓட்டைக்குள்ளால பாத்துப் பாத்தே பாஷை பழகி, கண் தெரியாத கிழவர் தனிய இருக்கிற நேரமாப் பாத்து உள்ள போய்க் கதைக்குது, கிழவரும் அன்பாக் கதைக்கிறார். மகன் வந்து ஆளைப் பாத்தவுடன தடியால அடி. அதுக்கு அவனைப் பிச்செறிய பலம் இருந்தும் திருப்பி அடிக்கேல்ல. எனக்கு அன்ரியின்ர போன்தான் ஞாபகம் வந்தது.

ஆனா அதைவிட என்னை உலுப்பினவன் மணிமேகலையில வாற ஆபுத்திரன். தமிழ்ச் சங்க லைப்ரரியில மழைக்கு ஒதுங்கின நாள் வாசிச்சது. தாய் விட்டிட்டுப் போன பிள்ளை, பசு பால் குடுத்துக் காப்பாத்தினது. யாகத்துக்கு வச்ச பசுவை ஒளிச்சதுக்கு அடிச்சுத் துரத்தினவை, மாட்டின்ர மகன் எண்டு ஏசினவை. அவன் விடேல்ல, உங்கட ரிஷிமார் மானுக்கும் புலிக்கும் நரிக்கும் பிறந்தவை தானே எண்டு கேட்டான் பாருங்கோ, அந்தக் காலத்தில! பதில் இல்ல, பிச்சைப் பாத்திரத்தில கல்லுப் போட்டவை. கடைசியா அள்ள அள்ளக் குறையாத சோத்துப் பாத்திரம் அமுதசுரபி கையில இருந்தும், கப்பல் தெரியாம விட்டிட்டுப் போன மணிபல்லவத் தீவில அவனிட்டச் சோறு வாங்க ஒரு ஆள் இல்ல. தனியச் சாப்பிட மனமில்லாம பாத்திரத்தைக் குளத்தில விட்டிட்டுப் பட்டினி கிடந்து செத்தான்.

மணிபல்லவம் நயினாதீவுதான் எண்டு சொல்லுவினம். போன வருசம் குறிகட்டுவானில போட் ஏறிப் போனன், அங்க அன்னதான மண்டபத்துக்குப் பேரே அமுதசுரபி. பந்தியில இருந்து பருப்பைக் குழைக்கிறன், பக்கத்தில இருந்த ஐயா சிரிச்சபடி திரும்பினார்.

"தம்பி எவடம்?"

வெள்ளவத்தை எண்டன்.

"இல்ல, சொந்த இடம்?"