அன்இன்ஸ்டால் செய்தாலும் மறுநாள் காலை திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது

ஜெராக்ஸ்கடை (கடலூர்):
மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தருவேன். இரண்டு கம்ப்யூட்டர், இரண்டும் விண்டோஸ் 10. போன வாரம் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போட வந்த பெண்ணின் போட்டோ சைஸ் கூடுதல் என்று சைட் ஏற்கவில்லை. வெளியே வரிசை நிற்கிறது, கடைப் பையன் அவசரத்தில் போட்டோவைச் சுருக்கும் சாப்ட்வேர் ஒன்றைத் தேடி இறக்கினான். அன்றிலிருந்து குரோமைத் திறந்தால் கூகுள் வருவதில்லை, பெயர் தெரியாத ஏதோ ஒரு தேடல் பக்கம் வருகிறது. கேட்காமலேயே ஒரு 'ஸ்பீடு பூஸ்டர்' வேறு வந்து உட்கார்ந்திருக்கிறது. வலது மூலையில் 'உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்' என்று கஸ்டமர் முன்னாலேயே கத்துகிறது, மானம் போகிறது. கண்ட்ரோல் பேனலில் போய் இதுவரை மூன்று தடவை நீக்கிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் மறுநாள் காலை கடை திறந்து கொஞ்ச நேரத்தில் திரும்பவும் இருக்கிறது. சர்வீஸ்காரர் பார்மட் அடித்தால்தான் போகும் என்கிறார். பத்து வருட மனு, ஒப்பந்த மாதிரிகள், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை, எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. பார்மட் இல்லாமல் வழி உண்டா?

வில்லியனூரான்:
பார்மட் வேண்டாம் அண்ணே, அவசரப்படாதீங்க. தினமும் காலையில் வருகிறது என்று நீங்களே துப்பு கொடுத்துவிட்டீர்கள். இந்த ரகம் சாப்ட்வேர், தான் போனாலும் தன்னைத் திரும்பக் கூட்டி வர ஒரு ஆளை வைத்துவிட்டுத்தான் போகும். ஸ்டார்ட்டில் டாஸ்க் ஷெட்யூலர் (குறித்த நேரத்தில் தானாக வேலைகளை ஓட்டும் விண்டோஸ் வசதி) என்று தேடித் திறந்து, இடது பக்கம் லைப்ரரியைத் தட்டினால் ஒரு பட்டியல் வரும். 'அப்டேட்', 'ஹெல்ப்பர்' என்று நல்ல பிள்ளை மாதிரி பெயர் இருக்கும், பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க, ஒவ்வொன்றிலும் ஆக்ஷன்ஸ் பகுதியைப் பாருங்கள். அது ஆப்டேட்டா (சாப்ட்வேர்கள் தங்கள் பைல்களை வைக்கும் மறைவான இடம்) போல்டருக்குள் அர்த்தமில்லாத எழுத்துகள் கொண்ட ஒரு போல்டரைக் காட்டினால் பெரும்பாலும் அதுதான் ஆள். முதலில் அந்த டாஸ்க்கை டிசேபிள் செய்யுங்கள், அப்புறம் சாப்ட்வேரை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். நீங்கள் இதுவரை இரண்டாவதை மட்டும் செய்திருக்கிறீர்கள், அதனால்தான் திரும்ப வருகிறது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால் அன்று கூடவே ஏறிய மற்றதுகளும் தெரியும். கடைசியாக மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் தளத்திலிருந்தே, இந்த மாதிரி வேண்டாததைத் துடைக்கும் ஆட்வ்கிளீனர் இறக்கி ஒரு ஓட்டு ஓட்டுங்கள், இலவசம், இன்ஸ்டால் செய்யவே தேவையில்லை. தேடலில் மேலே விளம்பரமாக வருகிற லிங்கைத் தொட்டுத் தொலைக்காதீங்க, அந்தப் போட்டோ சாப்ட்வேரும் அப்படித்தான் வந்திருக்கும்.

பழைய_லினக்ஸ்:
விண்டோஸைத் தூக்கிவிட்டு உபுண்டு லினக்ஸ் போடுங்க. வேலை முடிந்தது.

வில்லியனூரான்:
பிரிண்டர், ஸ்கேனர், கைரேகை மெஷின் டிரைவர் எல்லாம் யார் போடுவது, நீங்க வர்றீங்களா?

லாஸ்பேட்டை_ராத்திரி:
இன்னொன்று. குரோமில் வலது மேல் மூன்று புள்ளியைத் தட்டினால், அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று ஒரு வரி வருகிறதா பாருங்கள். ஜெராக்ஸ் கடைக்கு ஏது நிறுவனம்? அப்படி வந்தால் அந்தச் சனியன், ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதி வைக்கும் இடம்) குரோமுக்கான பாலிசியில் எழுதி எக்ஸ்டென்ஷனை (குரோமில் ஒட்டிக்கொள்ளும் துணைச் சாப்ட்வேர்) கட்டாயமாகத் திணித்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு நீக்கும் பட்டனே இருக்காது. அட்ரஸ் பாரில் குரோம்://பாலிசி (ஆங்கிலத்தில் அடிக்கணும்) என்று போட்டால் என்ன திணித்திருக்கிறது என்று தெரியும். ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பதற்கு முன் அந்தக் கீயை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். டாஸ்க்பாரில் இருக்கும் குரோம் ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸையும் பாருங்கள், டார்கெட் வரியில் கடைசி மேற்கோள் குறிக்குப் பிறகு ஏதாவது வெப்சைட் முகவரி ஒட்டியிருந்தால் அழித்துவிடுங்கள். 5 வைரஸ் என்று கத்துவது பெரும்பாலும் நோட்டிபிகேஷன்தான், யாரோ 'அலவ்' தட்டியிருப்பார்கள், சைட் செட்டிங்ஸில் போய் எடுத்துவிடலாம். அந்த எண்ணுக்கு மட்டும் அழைக்காதீங்க. தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்க எனிடெஸ்க் போடச் சொல்வான், அப்புறம் பேங்க் பக்கத்தைத் திறக்கச் சொல்வான். யாராவது ஏற்கெனவே பணம் விட்டிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடிக்கணும்.

கெடிலக்கரை:
'கேட்காமலேயே' என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். 2005-இல் சோனி பிஎம்ஜி பாட்டு சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டால் ரூட்கிட் (கண்ணில் படாமல் உள்ளே மறைந்திருக்கும் சாப்ட்வேர்) ஒன்று ஒளிந்து ஏறிக்கொண்டது, அதுதான் கேட்காமல் வந்தது. உங்கள் கதையில் அது கேட்டிருக்கும். இன்ஸ்டால் செய்யும்போது நான்காவது நெக்ஸ்டில், சாம்பல் எழுத்தில், ஏற்கெனவே டிக் போட்ட ஒரு பெட்டியில். பையனைத் திட்டாதீங்க, வரிசை நிற்கும்போது யார் படிக்கிறார்கள்? அவனுக்கு அட்மின் உரிமை இல்லாத தனி அக்கவுண்ட் போட்டுக் கொடுங்கள். முழுத் தடுப்பு இல்லை, யூசர் போல்டருக்குள் ஏறும் ரகம் அப்போதும் ஏறும், ஆனால் மேலே சொன்ன பாலிசி வேலையெல்லாம் அதனால் செய்ய முடியாது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோலுக்குள் 'வேண்டாத ஆப்ஸைத் தடு' என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கிறது, 2020 மே அப்டேட்டில் வந்தது, அது ஆனில் இருக்கிறதா பாருங்கள். போட்டோ சுருக்க எந்தச் சாப்ட்வேரும் வேண்டாம், பெயிண்டிலேயே ரீசைஸ் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, அதையும் யோசிங்க.

ஜெராக்ஸ்கடை (கடலூர்):
கிடைத்துவிட்டது! டாஸ்க் ஷெட்யூலரில் ஏதோ 'அப்டேட் சர்வீஸ்' என்று இருந்தது, தினமும் காலை 9:30. நான் கடை திறப்பது 9 மணிக்கு. என் கடை நேரம் தெரிந்து வைத்த மாதிரி. அந்த நிறுவன வரியும் இருந்தது, பாலிசியில் ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன். எல்லாவற்றையும் எடுத்தபின் ஆட்வ்கிளீனர் இன்னும் 14 இருக்கிறது என்று காட்டியது, அதையும் துடைத்தாயிற்று. இன்று காலை 9:30-க்குக் கையில் டீயோடு திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், 10 மணி வரை ஒன்றும் வரவில்லை. பையனுக்குத் தனி அக்கவுண்ட் போட்டாயிற்று, முதல் நாளே பாஸ்வேர்டு கேட்கிறான். பாமினி பைல்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது கம்ப்யூட்டரை ராத்திரி கடை சாத்திய பிறகு பார்க்கணும்.