பேஸ்மென்ட் வாடகையை நம்பி ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வாங்குவோர் கவனத்திற்கு

புதிதாக வந்து நிரந்தர வதிவுரிமையுடன் வீடு தேடுகின்ற நம்மவர்கள் பலர், பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டு மோர்ட்கேஜில் ஒரு பங்கைச் சமாளிக்கலாம் என்ற கணக்கோடுதான் தேடுகிறார்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த வாடகைப் பகுதி சட்டப்படியானதா என்பதை ஒஃபர் (வாங்குவதற்கான எழுத்து மூல விலைக்கோரிக்கை) போடுவதற்கு முன்னரே விசாரித்துவிட வேண்டும்.

விசாரிக்க வேண்டியவை இரண்டு. அந்தக் காணியில் அத்தனை குடியிருப்புகள் இருக்க நகரசபையின் சோனிங் சட்டம் (எந்தக் காணியில் எதைக் கட்டலாம் என்ற விதி) இடம் தருகிறதா என்பது ஒன்று. இருக்கின்ற பேஸ்மென்ட், நகரசபையின் கட்டட அனுமதியான பெர்மிட் எடுத்துக் கட்டப்பட்டு, தீப்பாதுகாப்பு விதிகளுக்கு அமைந்திருக்கிறதா என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஆம் என்று பதில் கிடைத்தவுடன் இரண்டாவதும் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடுவதுதான் அதிகம் நடக்கிறது.

சோனிங் இப்போது பெரிய தடையல்ல. ஒன்ராறியோ 2022 நவம்பரில் நிறைவேற்றிய 23ஆம் இலக்கச் சட்டமூலம், நகரக் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் உள்ள பெரும்பாலான குடியிருப்புக் காணிகளில் மூன்று குடியிருப்புகள் வரை அனுமதிக்கிறது; ரொறன்ரோ 2023 மே மாதத்தில் அதை நான்காக்கியது. இருந்தாலும் அறை அறையாக வாடகைக்கு விடுவது வேறு விடயம். ஒரே குடும்பமாக வாழாத நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொண்டு தனித்தனியே வாடகை செலுத்தினால், அது பலர் தங்கும் விடுதியாகக் கருதப்படும். முன்னர் ஸ்காபரோவில் இதற்கு அனுமதியே இருக்கவில்லை. 2024 மார்ச் 31 முதல் நகரம் முழுவதிலும் உரிமத்துடன் நடத்தலாம். மாணவர்களுக்கு அறை கொடுக்க நினைப்பவர்கள் இதை முதலில் பார்க்கவும்.

உண்மையான சிக்கல் இரண்டாவதில்தான். விற்பனை விளம்பரத்தின் அடியில், பேஸ்மென்ட்டின் ‘ரெட்ரோஃபிட்’ நிலைக்கு, அதாவது அது தீப்பாதுகாப்பு விதிகளுக்கு அமையத் திருத்தப்பட்டிருக்கிறது என்பதற்கு, விற்பவர் உத்தரவாதம் அளிக்கவில்லை என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். தனி வாசல், புதிய சமையலறை, பளபளக்கும் தரை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு அந்த வரியைக் கடந்துபோகிறவர்கள், அதன் பொறுப்பு முழுவதும் தங்கள் தலையில்தான் விழுகிறது என்பதை உணர்வதில்லை.

வீடு பார்க்கப் போகும்போது அளவுநாடா ஒன்றைக் கொண்டுபோங்கள். பழைய வீடுகளின் பேஸ்மென்ட்டில் கூரையின் உயரம் குறைந்தது 1.95 மீற்றர் இருக்க வேண்டும். வெப்பக்காற்றுக் குழாய் தாழ்ந்து ஓடும் இடத்தில்தான் இது பெரும்பாலும் இடிக்கும். தப்பி வெளியேறும் யன்னலின் திறப்பு 0.35 சதுர மீற்றருக்குக் குறையாமலும், அதன் அகலம், உயரம் இரண்டுமே 380 மில்லிமீற்றருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். இரு குடியிருப்புகளுக்கும் இடையில் 30 நிமிடம் தீயைத் தாங்கும் தடுப்பு தேவை. புகை எச்சரிக்கைக் கருவிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தால் 15 நிமிடம் போதும். தீப்பாதுகாப்பு விதியை மீறினால் முதல் குற்றத்துக்கே தனிநபருக்கு 50,000 டொலர் வரை அபராதம் விதிக்கலாம்.

பெர்மிட் இல்லாத பேஸ்மென்ட் என்பதால் அங்கே குடியிருப்பவரை உடனே எழுப்பிவிடலாம் என்று சில ஏஜென்ட்மார் சொல்வதை நம்ப வேண்டாம். 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம் அவருக்கும் பொருந்தும். காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் வாடகைக்கு விட்டால், விபத்து நேரும்போது இழப்பீடு மறுக்கப்படவும் கூடும்.

ஆகவே ஒஃபரில் நிபந்தனை வைத்து, அந்த முகவரியில் மூடப்படாத (இறுதிப் பரிசோதனை முடியாத) பெர்மிட்டோ திருத்த உத்தரவோ நிலுவையில் உள்ளதா என்று உங்கள் சட்டத்தரணி மூலம் நகரசபையிடம் எழுத்தில் கேளுங்கள். நீங்களே புதிதாகக் கட்டுவதானால், சுவரை மூடுவதற்கு முன் மின்சாரம், குழாய், தீத்தடுப்பு ஆகிய ஒவ்வொன்றையும் அதற்குரிய இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தாரா என்று உறுதிப்படுத்துங்கள். முடித்துக் கொடுக்கும் அவசரத்தில் ஒப்பந்தகாரர் முதலில் மூடிவிட்டால், பூசிய சுவரை உங்கள் செலவிலேயே மறுபடி உடைத்துக் காட்ட வேண்டிவரும்.