கேசட் + டிவிடி காம்போ டெக் எது வாங்கலாம்? அவசரம்

மழைக்காகம் | ஞாயிறு இரவு 11.48
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுப் பாவனைக்கு ஒரு காம்போ டெக் வேண்ட வேணும். வீடியோ கேசட்டும் போடோணும், அதை டிவிடியிலயும் அடிக்கோணும், ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள. கேசட் ஒரு பத்துப் பன்னிரண்டு கிடக்கு. பழைய சாமான் விக்கிற இடங்களில மூண்டு டெக் கண்டனான். ஒண்டு 40, ஒண்டு 95, மற்றது 180. எது நல்லது? அம்மாவுக்கு 70 வருது, இன்னும் மூண்டு கிழமைதான் இருக்கு. கெதியாச் சொல்லுங்கோ.

கோவை மைதிலி | திங்கள் காலை 6.10
எந்த ஊர்ல இருக்கீங்க? 40ன்னா ரூபாயா, டாலரா, பவுண்டா? மூணுக்கும் மாடல் நம்பர் என்ன? கேசட்ல இருக்கிறது வீட்டு விசேஷமா, கடையில வாங்கின சினிமாவா? கம்பெனி சினிமா கேசட்னா நிறைய இடத்துல மேக்ரோவிஷன் பூட்டு இருக்கும், காம்போ காப்பி எடுக்க விடாது. இதெல்லாம் தெரியாம எதைன்னு சொல்றது?

ரீல் மெக்கானிக் | திங்கள் காலை 7.32
மதுரையில 22 வருஷம் டெக் ரிப்பேர் பார்த்தவன் சொல்றேன். மெஷினைப் பத்திக் கவலைப்படாதீங்க, கேசட்டைப் பாருங்க. கேசட்டுல இருக்கிற ஜன்னல் வழியா டார்ச் அடிச்சு ரீலோட விளிம்பைப் பாருங்க. கோலப்பொடி தூவின மாதிரி வெள்ளையா இருந்தா பூஞ்சை. அந்த ஒரு கேசட்டைப் போட்டா டேப்பைப் படிக்கிற ஹெட் அழுக்காகும், அடுத்து போடுற நல்ல கேசட்டுக்கும் ஒட்டிக்கும். நம்ம பக்கம் பரண்ல கிடந்த கேசட்ல பத்துக்கு ஆறு இப்படித்தான் வந்துச்சு.

ஹெட் துடைக்கத் தெரியலன்னா தொடாதீங்க. காது குடையிற பட்ஸை வெச்சு மேலயும் கீழயும் தேய்ச்சா ஹெட் முனை உடைஞ்சிரும். வெள்ளைத்தாளை ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல நனைச்சு, ஹெட் இருக்கிற டிரம் மேல லேசா அணைச்சு அசையாமப் பிடிங்க. இன்னொரு கையால டிரம்மை மெதுவாச் சுத்துங்க. தாள்ல பழுப்புக் கோடு விழும். கோடு விழாம வர்ற வரைக்கும் தாளை மாத்திக்கிட்டே இருங்க.

சிக்னல் சிகாமணி | திங்கள் காலை 9.05
இந்தக் கேள்விக்கு இங்கேயே நான் பத்து முறையாவது பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்கும் வழக்கம் யாருக்கும் கிடையாது. போகட்டும், பதினோராவது முறையும் எழுதுகிறேன்.

காம்போ என்று இருந்தால் ரெக்கார்டர் என்று அர்த்தம் இல்லை. சந்தையில் கிடைப்பதில் பெரும்பாலானவை கேசட் டெக்கையும் டிவிடி பிளேயரையும் ஒரே டப்பாவில் அடைத்தவை. டிவிடியை ஓட்டும், எழுதாது. முன்பக்கம் ரெக் பொத்தான் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது கேசட்டில் பதிய மட்டும். டிவிடி வைக்கும் தட்டின் மேல் டிவிடி-ஆர் அல்லது டிவிடி+ஆர் என்று இருக்கிறதா, கேசட்டை டிவிடிக்கு நகலெடுக்கும் டப்பிங் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் 40 அநேகமாக வெறும் பிளேயர்தான்.

உலகத்தில் கடைசியாக டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இனி எதை வாங்கினாலும் பழசுதான். "எது நல்லது" என்று கேட்காதீர்கள், "எது இன்னும் ஓடுகிறது" என்று கேளுங்கள்.

பீட்டா பித்தன் | திங்கள் காலை 9.40
பீட்டாமேக்ஸ் கேசட்ல எடுத்திருந்தா இந்தப் பாடே இல்லை. படம் கண்ணாடி மாதிரி இருந்திருக்கும்.

சிக்னல் சிகாமணி | திங்கள் காலை 9.52
ஆரம்பித்துவிட்டார். 1975ல் பீட்டாமேக்ஸ் ஒரு மணி நேரம் பதிந்தது. 1976ல் விஎச்எஸ், அதாவது நாம் பேசும் இந்தச் சாதாரண வீடியோ கேசட், இரண்டு மணி நேரத்தோடு வந்தது. முகூர்த்தத்தின் நடுவில் கேசட் மாற்ற உங்கள் மாமனார் ஒத்துக்கொண்டிருப்பாரா?

பீட்டா பித்தன் | திங்கள் காலை 9.55
என் மாமனாரை ஏன் சார் இழுக்கிறீங்க.

மழைக்காகம் | திங்கள் இரவு 10.20
மன்னிக்கோணும், வேலையால இப்பதான் வந்தனான். 40 டொலர். எல்லாம் கல்யாணவீட்டுக் கேசட், படக் கேசட் இல்லை. நேற்று சிநேகிதன் வீட்டு டெக்கில ஒண்டு போட்டுப் பாத்தனாங்கள். படம் வரேல்லை, கோடு கோடாய் ஓடுது. ஆக்கள் எல்லாரும் எலி மாதிரிக் கீச்சிடினம். அவனிட்டக் கிடக்கிறது பழைய டெக். அதுதான் நல்லதாப் பாத்து வேண்டுவம் எண்டு யோசிச்சனான்.

ரீல் மெக்கானிக் | திங்கள் இரவு 10.41
நான் சொன்னேன்ல? பூஞ்சைதான். ஹெட் அடைச்சிருக்கு. இல்லன்னா டிராக்கிங், அதாவது ஹெட் டேப்புல சரியான கோட்டுல போகல. ரிமோட்ல டிராக்கிங் பொத்தானை ரெண்டு பக்கமும் தள்ளிப் பாருங்க.

கோவை மைதிலி | திங்கள் இரவு 10.58
அண்ணா, ஹெட் அடைச்சா படம் போகும், குரல் ஏன் கீச்சிடணும்? இந்த வீட்டு கேசட்ல சத்தம் டேப்போட ஓரத்துல தனிக்கோடா இருக்கும், அதைப் படிக்கிற ஹெட்டும் வேற. பூஞ்சையா இருந்தா சத்தம் மங்கும், கரகரக்கும். வேகம் எங்கேயோ தப்பியிருக்கு.

ரீல் மெக்கானிக் | திங்கள் இரவு 11.03
அப்ப டேப்பை இழுக்கிற பிஞ்ச் ரோலர். ரப்பர் வழவழன்னு ஆயிருக்கும்.

ஹரோ ஆள் | செவ்வாய் காலை 5.15
தம்பி மழைக்காகம், ரோலரையும் பூஞ்சையையும் விடும். ரெண்டு கேள்விதான். கேசட் எந்த நாட்டில எடுத்தது? நீர் இப்ப எந்த நாட்டில இருக்கிறீர்? "டொலர்" எண்டிறீர், எந்த டொலர்?

மழைக்காகம் | செவ்வாய் மதியம் 1.02
கொழும்பு. அக்காவின்ர கல்யாணம் 1994. ரெண்டு கேசட் மட்டும் பாரிசில எடுத்தது. நான் கனடாவில, ஸ்காபரோவில. ஏன், அதுக்கும் இதுக்கும் என்ன?

ஹரோ ஆள் | செவ்வாய் மாலை 6.30
எல்லாமே அதுதான்.

கேசட் காலத்தில இலங்கை, இந்தியா, சிங்கப்பூர், லண்டன் எல்லாம் பால் (PAL) எண்ட ரீவி முறை. 625 வரி, செக்கனுக்கு 25 படம். கனடா, அமெரிக்கா, ஜப்பான் என்டிஎஸ்சி. 525 வரி, ஏறத்தாழ 30 படம். கேசட் பெட்டி ஒண்டுதான், ஆனால் உள்ளுக்கை நாடா ஓடுற வேகமே வேற. சாதாரண ஓட்டத்தில பால் செக்கனுக்கு 23.39 மில்லிமீற்றர், என்டிஎஸ்சி 33.35. உம்மட சிநேகிதன்ர கனடா டெக் கொழும்புக் கேசட்டை விரட்டி விரட்டி ஓட்டுது. அதுதான் எலிக்குரல். கேசட்டிலயும் பிழை இல்லை, டெக்கிலயும் பிழை இல்லை.

நீர் கண்ட மூண்டு காம்போவும் அங்கத்தைய டெக்தானே? அப்ப 40க்கும் 180க்கும் வித்தியாசம் இல்லை, மூண்டிலயும் கீச்சுத்தான். ஒண்டையும் வேண்டாதையும்.

வழி ரெண்டு. முதலாவது, உலகச் சிஸ்டம் எல்லாம் ஓட்டி மாத்தித் தாற டெக். சாம்சங் எஸ்வி-5000டபிள்யூ, பானாசோனிக் ஏஜி-டபிள்யூ1 எண்டு வந்தவை. 90களில எங்கட ஆக்கள் ஊர்க் கேசட் பாக்கிறதுக்கெண்டே வேண்டி வச்சவை. ஆற்றையும் பேஸ்மென்ற்றில தூசி பிடிச்சுக் கிடக்கும், கோயில்ல கேட்டுப் பாரும். ரெண்டாவது, லண்டனிலயிருந்து ஒரு பால் டெக் எடுப்பிக்கிறது. இஞ்ச லண்டனில 230 வோல்ற், அங்க கனடாவில 120, அதால கூட்டிக் குடுக்கிற டிரான்ஸ்ஃபோமர் வேணும். பின்பக்கம் ஸ்கார்ட் எண்டு 21 ஊசி சொக்கெட் மட்டும் இருந்தால் அதுக்கொரு மாத்தியும் வேணும். உங்கட ரீவி பாலை எடுக்காட்டியும் யோசிக்காதையும், யுஎஸ்பி கப்சர் குச்சியில பால் எண்டு தெரிஞ்செடுத்தால் கம்ப்யூட்டர் எடுக்கும்.

பாரிஸ்க் கேசட் கறுப்பு வெள்ளையாய் வந்தால் பயப்பிட வேண்டாம். அது செகாம், பிரான்சின்ர தனிப்போக்கு. செகாமும் ஓட்டுற டெக்கெண்டால் நிறம் வரும்.

சிக்னல் சிகாமணி | செவ்வாய் மாலை 7.11
சரியான விளக்கம். நானும் இதைத்தான் சொல்ல இருந்தேன். ஊர் எது என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தால் இத்தனை பேருடைய நேரம் மிச்சம்.

கோவை மைதிலி | செவ்வாய் மாலை 7.25
முதல் பதில்லயே நான் அதைத்தான் சார் கேட்டேன்.

ஒரு விஷயம் மட்டும். எந்த டெக்ல போடுறதுக்கு முன்னாடியும் கேசட் முதுகுப்பக்கம் ஓரத்துல இருக்கிற பிளாஸ்டிக் பல்லை உடைச்சிடுங்க. அது இல்லன்னா டெக் அந்தக் கேசட்ல எதையும் பதியாது. காம்போல டப்பிங் எந்தப் பக்கம் போகுதுன்னு குழம்பி, கல்யாணத்து மேல நீலத்திரையை ஏத்தினவங்க இருக்காங்க. அப்புறம், டிவிடியில எழுதினா கடைசியில ஃபைனலைஸ் கொடுக்க மறக்காதீங்க. கொடுக்கலன்னா எழுதின மெஷின்ல மட்டும் ஓடும், அம்மா வீட்டு பிளேயர்ல ஓடாது.

சிக்னல் சிகாமணி | செவ்வாய் மாலை 7.40
டிவிடி என்றால் எஸ்பி எனும் சாதாரணத் தர முறையில் ஒரு தட்டுக்கு 2 மணி நேரம். ஈ-180 கேசட் 3 மணி நேரம். ஒரே தட்டில் திணிக்கிறேன் என்று நீண்ட நேரம் பதியும் எல்பி முறைக்குப் போனால் மாலை மாற்றும் இடத்தில் பூவெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். இரண்டு தட்டாகப் பிரியுங்கள். பத்திரமாக இருப்பது தட்டுதான். ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் டிக் டிக் என்று அடித்துவிட்டு நின்றுபோகும்.

கோவை மைதிலி | செவ்வாய் இரவு 8.02
எழுதுற தட்டுல இருக்கிறது சாயம் சார். 2006ல நான் எழுதி வெச்ச பதினஞ்சுல நாலு இப்ப பாதியில நிக்குது. ஜன்னல் பக்கம் இருந்த நாலும்தான்.

சிக்னல் சிகாமணி | செவ்வாய் இரவு 8.09
மலிவுத் தட்டை வாங்கி வெயிலில் வைத்தால் தட்டு என்ன செய்யும்.

ரீல் மெக்கானிக் | செவ்வாய் இரவு 8.30
ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணொண்ணு போட்டு ஒண்ணைத் தங்கச்சி வீட்டுல வைக்கச் சொல்லுங்க. முக்கியமா, காப்பி எடுத்தாச்சுன்னு கேசட்டைத் தூக்கிப் போட்றாதீங்க. போன வருஷம் ஒருத்தர் தட்டு கீறிப்போச்சுன்னு அழுதுக்கிட்டு வந்தார். கேசட் எங்கேன்னேன். பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டாச்சாம்.

பீட்டா பித்தன் | செவ்வாய் இரவு 8.44
பீட்டா கேசட்டா இருந்தா தூக்கிப் போட மனசு வந்திருக்காது.

ஹரோ ஆள் | புதன் காலை 6.00
90க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லாமல் ஜெனரேட்டரில டெக் ஓட்டிப் படம் பாத்த ஆக்கள் நாங்கள். எண்ணெய் முடியப் படம் பாதியில நிண்டிடும். முடிவு தெரியாத படம் எனக்கு இண்டைக்கும் நாலஞ்சு கிடக்கு.

கோவை மைதிலி | புதன் காலை 9.15
எங்க தெருவுல டெக்கும் டிவியும் ஒரு ராத்திரி வாடகைக்கு எடுத்தா விடியறதுக்குள்ள நாலு படம் பார்த்தாகணும். நாலாவது படத்துல ஹீரோ யாருன்னே தெரியாது, எல்லாரும் தூங்கியிருப்போம்.

ரீல் மெக்கானிக் | அடுத்த திங்கள் இரவு 9.20
மழைக்காகம் தம்பி, என்ன ஆச்சு? ஆளையே காணோம்?

சிக்னல் சிகாமணி | அடுத்த திங்கள் இரவு 9.31
பதில் கிடைத்தால் காணாமல் போவதும் இங்கே வழக்கம்தான்.

மழைக்காகம் | 19 நாள் கழித்து, ஞாயிறு அதிகாலை 2.14
சரிவந்திட்டுது. கோயில்ல விசாரிக்க ஒரு அங்கிளிட்ட உலகச் சிஸ்டம் டெக் இருந்தது, காசும் வேண்டேல்லை. யுஎஸ்பி குச்சியால பதினொரு கேசட் ஏத்தியாச்சு. ஒண்டு பூஞ்சை, மதுரை அண்ணை சொன்னதால அதை உள்ளுக்கை போடேல்லை. பாரிஸ் ஒண்டு கறுப்பு வெள்ளையாத்தான் வந்தது. ஹரோ அண்ணைக்கு நன்றி.

ஒரு பிரச்சினை. அக்காவின்ர கல்யாணக் கேசட்டில பிளாஸ்டிக் பல்லு முதலே உடைச்சுத்தான் கிடக்கு, ஆனால் அந்த ஓட்டைக்கு மேல ஆரோ செலோடேப் ஒட்டியிருக்கினம். தாலி கட்டுற இடம் வரேக்க ஒருக்கா வெட்டி, 1996 உலகக் கிண்ணக் கிரிக்கெட் லாகூர் ஃபைனல் ஓடுது. அரவிந்த டி சில்வா 40 நிமிசம் அடிக்கிறார். பிறகு ஆக்கள் பந்தியில சாப்பிடினம். அண்ணாவிட்டக் கேட்டன், நினைவில்லை எண்டிறார். அம்மாவுக்கு இன்னும் காட்டேல்லை.